ஓடும் வீட்டிற்கு ஓர் ஒதுக்கிடம்

மனை அமைப்போர் சமையலறையைப் பற்றி அயலாரோடு பேசுவர். கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்த கதையை ஆண்டுக்கணக்காகச் சொல்லி மகிழ்வர். வாசற்கதவின் வேலைப்பாட்டை வந்தோர்க்கெல்லாம் காட்டுவர். மலசலகூடம் என்று வந்துவிட்டாலோ, மேசனோடு தணிந்த குரலில் இரண்டு வார்த்தை பேசி முடித்துவிடுவர். இவ்வாரம் அக்கூச்சத்தைச் சற்றே ஒதுக்கிவைத்து, நிலையான வீட்டிலும் பார்க்கச் சிக்கல் மிகுந்த ஓர் இடத்திற்கு, அஃதாவது சக்கரங்களின் மேல் ஓடும் வீட்டிற்கு, மலசலகூடம் தெரிந்தெடுக்கும் விஷயத்தை ஆராய எண்ணினோம். அதிலும், நீரும் வேண்டாத, மின்சாரமும் வேண்டாத மலசலகூடம். இஃது எமக்கெதற்கு என்று கேட்கும் வாசகர் சற்றுப் பொறுத்திருப்பாராக. இதனுள் இரசாயனமும் உண்டு; உயிரியலும் உண்டு; எமது தென்னந்தோப்பும் உண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் கனடாவிலும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மஞ்சள் நிறப் பஸ் வண்டிகளைப் படங்களிற் கண்டிருப்பீர்கள். அந்நிறம் தற்செயலாக வந்ததன்று. 1939 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியிலே, பிராங் சயர் என்னும் கல்வியாளர் கூட்டிய மாநாடொன்று, விடியற்பொழுதின் மங்கலிலும் எளிதிற் புலப்படும் நிறம் இதுவெனத் தெரிந்தெடுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பின்னர் இவ்வண்டிகள் சேவையினின்றும் நீக்கப்பட்டு விலைக்கு விடப்படுகின்றன. அவற்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, நிறத்தையும் மாற்றி, கட்டில், அடுப்பு, அலுமாரி என்பவற்றைப் பொருத்தி வீடாக்கிக் கொள்வோர் அங்கே பலர். நாடு சுற்றும் ஆவலால் அவ்வாறு செய்வோரும் உண்டு. வீட்டு வாடகையைத் தாங்க மாட்டாமற் செய்வோரும் உண்டு. பின்னவர்க்கு இது விளையாட்டன்று. பிள்ளைகளோடு ஆண்டு முழுவதும் வாழும் இல்லம்.

நாற்பது அடி நீளமும் எட்டடிக்குட்பட்ட அகலமும் கொண்ட அந்த இல்லத்திலே மலசலகூடம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சட்டமே காட்டுகின்றது. வீட்டு வண்டி எனக் கொள்வதற்கு ஆறு வசதிகளுட் குறைந்தது நான்கேனும் ஒரு வாகனத்தில் இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க மத்திய அரசின் வாகனப் பாதுகாப்பு விதிகள் தரும் வரைவிலக்கணம். சமையல் வசதி, குளிரூட்டும் பெட்டி, தன்னுள்ளே அடங்கிய மலசலகூடம், வெப்பமாக்கும் அல்லது குளிராக்கும் சாதனம், குழாயோடு கூடிய குடிநீர் ஏற்பாடு, தனியான மின்சாரம் அல்லது எரிவாயு ஆகியனவே அவ்வாறும்.

இனி, நீரூற்றிக் கழுவும் மலசலகூடம் ஏன் கூடாது? கூடாதென்பதில்லை. பெரும்பாலான வீட்டு வண்டிகள் அதனையே கொண்டுள்ளன. ஆனால் அதன் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்க வீடுகளுக்கான புதிய மலசலகூடங்கள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஆறு லீற்றருக்கு மேல் நீர் செலவிடலாகாது. நால்வர் கொண்ட குடும்பம், ஆளுக்கு ஐந்து தடவை என்று வைத்தால், நாளொன்றுக்கு 120 லீற்றர். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம் ஆகையால், 120 கிலோகிராம் பாரத்தை நாள்தோறும் ஏற்றி, அழுக்காக்கி, மீண்டும் சுமந்து திரிதல் வேண்டும். வண்டிகளுக்கென்றே செய்த சிக்கனமான வகை ஒன்றிரண்டு லீற்றரோடு அமையும். அப்பொழுதும் கழிவுத் தாங்கி நாலைந்து நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் அதனை வெறுமையாக்கும் நிலையத்தைத் தேடி வண்டியை ஓட்டுதல் வேண்டும். இரவோடிரவாக நீர் உறைந்து குழாய் வெடிக்கும் பனிக்காலமும் அந்நாடுகளில் உண்டு. இவை யாவற்றையும் கூட்டிப் பார்த்தவர்களே நீரில்லாத வழியை நாடினர்.

மின்சாரத்தை விலக்குவதற்கும் தக்க காரணம் உண்டு. மலத்தை எரித்துச் சாம்பலாக்கும் பொறி உண்டு. ஒவ்வொரு தடவையும் பொலித்தீன் உறையிற் பொதிந்து ஒட்டிவிடும் பொறி உண்டு. விசையை அழுத்தியதும் தானே கிண்டும் பொறியும் உண்டு. வண்டிக் கூரையிற் பதித்த சூரியத் தகடுகளும் மின்கலங்களுமே அவ்வீட்டின் மின்னிலையம். மூன்று நாள் தொடர்ந்து மழை இருட்டாயின், விளக்கு எரியாவிட்டால் மெழுகுதிரி ஏற்றலாம்; உணவு கெட்டால் வேறு சமைக்கலாம்; மலசலகூடம் இயங்க மறுத்தால் யாது செய்வது? உடைந்தால் தன் கையாலே திருத்தக்கூடியதே பிரயாணிக்கு உற்றது என்பது எமது எண்ணம்.

போமலின் கலந்த இரசாயன நீரை ஊற்றிவைக்கும் சிறு பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். நாற்றத்தை அடக்குவதோடு, கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்களையும் அது கொன்றுவிடுகின்றது. அதனை மலக்குழியில் ஊற்றினால் அக்குழியின் வேலையும் கெடும். வார இறுதி உல்லாசத்திற்கு அப்பெட்டி உதவலாம். குடியிருக்கும் வீட்டிற்கு நாம் அதனைச் சிபார்சு செய்ய மாட்டோம்.

நிற்க. நீருமின்றி மின்சாரமுமின்றி நாற்றம் எவ்வாறு அடங்கும்? மாணவர்கள் இதனைக் கவனித்தல் நன்று. வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் சிறுநீர் கழிக்கின்றார். மலமோ உணவுக்கேற்பப் பெரும்பாலும் நூறு முதல் நானூறு கிராம் வரையில் அமையும். தவிடு நீக்காத தானியமும் கீரையும் உண்பவர்க்குக் கூடும். இறைச்சியும் வெண்ணிற மாவும் உண்பவர்க்குக் குறையும். சிறுநீரில் உள்ள யூரியாவுக்குத் தானாக மணமில்லை. மலத்தில் உள்ள பற்றீரியாக்கள் சுரக்கும் யூரியேசு என்னும் நொதியம் அதனைச் சென்றடைந்ததும் யூரியா உடைந்து அமோனியா எழுகின்றது. கண்ணை எரிக்கும் அந்த மணமே பழைய கக்கூசுகளின் அடையாளம். மேலும், நீரில் மூழ்கிய மலத்தினுள் ஒட்சிசன் புகாமையால், ஒட்சிசன் வேண்டாத பற்றீரியாக்கள் பெருகிக் கந்தக நாற்றத்தை எழுப்புகின்றன. ஆகவே இரண்டையும் பிறந்த இடத்திலேயே பிரித்துவிட்டு, மலத்தை உலர்ந்த பொருளால் மூடிவிட்டால், நாற்றத்தின் பெரும் பகுதி தோன்றுவதற்கே இடமில்லை. உலர்ந்த மலசலகூடத்தின் முழு இரகசியமும் இதுவே.

மூடுதலின் வலிமையை மேனாட்டார்க்கு எடுத்துக் காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்திலே டோசெற் மாகாணத்துப் போடிங்ரன் என்னுமிடத்துக் குருவாகிய கென்றி மூல், 1854 ஆம் ஆண்டில் வாந்திபேதி அவ்வூரைச் சூறையாடியபோது நோயாளரிடையே நின்று தொண்டாற்றியவர். 1858 கோடையில் இலண்டன் மாநகரத்துத் தேம்சு நதி கழிவு நாற்றத்தால் பாராளுமன்றத்தையே கலங்கச் செய்தது. அடுத்த ஆண்டில் அவர் தம் வீட்டு மலக்குழியை மூடிவிட்டு வாளிகளை வைத்தார்; வாளியிற் சேர்ந்ததைத் தோட்டத்து மண்ணிற் புதைத்தார். சில கிழமைகளின் பின் அகழ்ந்து பார்க்கையில் மண்ணையன்றி வேறொன்றும் காணப்படவில்லை. உலர்ந்த மண்ணை இருக்கையின் பின்னே ஒரு பெட்டியில் நிரப்பி, கைப்பிடியை இழுத்ததும் அளவாக விழச் செய்யும் பொறியை 1860 ஆம் ஆண்டிலே தம் பெயரிற் பதிவு செய்தார். நீர்க்குழாய் வலை பரவியதும் அப்பொறி மறக்கப்பட்டது. இன்று பஸ் வண்டிகளில் இருப்பது அப்பாதிரியாரின் பெட்டியே எனலாம். மண்ணிற்குப் பதிலாக மரத்தூளோ தும்புத்தூளோ இருக்கும், அவ்வளவுதான்.

தெரிவுக்கு உரியவை என நாம் கருதுவன இரண்டு வகை. முதலாவது, வெறும் வாளி. இருபது லீற்றர் கொள்ளும் வாளி ஒன்றைப் பலகைப் பெட்டியினுள் வைத்து, மேலே இருக்கை பொருத்தி, ஒவ்வொரு முறையும் மரத்தூளால் மூடிவிடுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த யோசப் யென்கின்சு 1994 இல் வெளியிட்ட மனிதப் பசளை பற்றிய கைந்நூல் இம்முறையைப் பலரறியச் செய்தது. அவர் சிறுநீரைப் பிரிப்பதில்லை. இரண்டையும் சேர்த்துத் தாராளமாக மரத்தூள் இட்டு, தோட்டத்துக் கூட்டுப்பசளைக் குவியலிற் சேர்க்கின்றார். நிலமும் குவியலும் உடையவர்க்கு அது மிகச் சிறந்த முறை. ஓடும் வண்டியிலோ, நால்வர் உள்ள குடும்பத்திற்கு அவ்வாளி இரண்டு நாளுக்குள் நிரம்பிவிடும், நனைந்து கனக்கும், மூட்டை மூட்டையாக மரத்தூள் வேண்டும்.

ஆதலால் இரண்டாவது வகையே, அஃதாவது சிறுநீரைப் பிரிக்கும் இருக்கையே, வண்டிக்குப் பெரிதும் பொருந்துவது. இருக்கையின் முன்பகுதியில் ஒரு புனல் அமைந்திருக்கும். சிறுநீர் அதன் வழியே தனிக் கலனுக்குச் செல்லும். பின்பகுதியில் விழுவது வாளியில் தங்கும். வாளிக்குட் சேர்வது நாளொன்றுக்கு ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. மூடும் தூளையும் சேர்த்தால் அதே இருபது லீற்றர் வாளி ஏறத்தாழ ஒரு கிழமைக்குப் போதும். சிறுநீர்க் கலனோ நாளொன்றுக்கு ஐந்து லீற்றர் வரை வாங்கும். வாங்குவோர் பலர் வாளியின் அளவை மட்டும் கேட்டுக் கலனின் அளவைக் கேளாது விடுகின்றனர். உண்மையிலே ஒவ்வொரு நாளும் சுமந்து ஊற்றவேண்டியது கலனே. மூடி இறுகப் பூட்டக்கூடிய கலன் இரண்டு வாங்கி, ஒன்று நிரம்பியதும் மற்றதை வைத்தல் அவசியம்.

இவ்வகையிலும் விலையுயர்ந்தது உண்டு, எளியது உண்டு. பாய்க்கப்பல் ஓட்டிகளுக்கென முதலிற் செய்யப்பட்ட எயர்கெட், நேச்சர்ஸ்கெட் என்னும் பெயருடையன அமெரிக்காவிற் பெயர்பெற்றவை. அவற்றின் வயிற்றினுள் தும்புத்தூள் நிரப்பியிருக்கும். வெளியேயுள்ள கைப்பிடியைச் சுற்றினால் மலமும் தூளும் கலக்கும். நேச்சர்ஸ்கெட் வயிறு அறுபது முதல் எண்பது தடவைக்குப் போதும் என்பது செய்வோர் கணக்கு. நால்வர்க்கு அது பதினைந்து நாள் முதல் இருபது நாள். ஆனால் அதன் சிறுநீர்க் கலன் ஏறத்தாழ எட்டு லீற்றரே. ஒன்றரை நாளில் நிரம்பும். விலை ஏறத்தாழ ஆயிரம் டொலர். காற்றை வெளியேற்ற ஒரு சிறு மின்விசிறியும் அதனோடு வரும். பன்னிரண்டு வோல்ற்றில் இயங்கும் அது மிகச் சிறிதளவு மின்சாரமே உண்ணும். மின்சாரமே வேண்டாம் என்போர் ஜெர்மனியின் திரெலினோ, பொக்ஸியோ போன்ற சிறு பெட்டிகளையோ, கோடைக் குடில்களுக்கெனச் சுவீடனின் செப்பரெற் விற்கும் தனி இருக்கையையோ வாங்கலாம். தச்சுவேலை தெரிந்தவர் பிரிக்கும் புனலை மட்டும் வாங்கி, பெட்டியைத் தாமே செய்துகொள்வர். அவ்வாறு செய்தது ஐம்பது நூறு டொலரோடு முடிந்துவிடும், வேலையிற் குறைவில்லை. கழுவுவதற்கு எளிதாயிருப்பதும் அதுவே. கைப்பிடியும் கிண்டு கம்பிகளும் உள்ள வயிற்றைச் சுத்தஞ் செய்தல் எவர்க்கும் உவப்பான வேலையன்று.

இவற்றையெல்லாம் கூட்டுப்பசளை மலசலகூடம் என்றே கடைக்காரர் அழைக்கின்றனர். இப்பெயர் மயக்கந் தருவது. கூட்டுப்பசளை ஆவதற்கு ஏறத்தாழ ஒரு கனமீற்றர் பருமனுள்ள குவியலும், அதனுள்ளே ஐம்பது பாகை வரை ஏறும் சூடும், மாதக்கணக்கான காலமும் வேண்டும். வண்டியின் மூலையில் இரண்டு கிழமை இருந்த வாளியில் உள்ளது உலர்ந்த மலமே. நாற்றமில்லை என்பதால் நோயும் இல்லை என்று எண்ணுதல் பேராபத்து. வட்டப்புழுவின் முட்டை மிகத் தடித்த தோலுடையது. உலர்ந்தும் பல மாதம் உயிரோடிருக்கும். உலக சுகாதாரத் தாபனம் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, இருபது பாகைக்குக் குறைந்த குளிர்நாட்டில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டும், இருபது முதல் முப்பத்தைந்து பாகை வரையுள்ள நாட்டில் ஓராண்டுக்கு மேலும் அதனைச் சேமித்து வைத்த பின்னரே பயிருக்கிடலாம். சாம்பலோ சுண்ணாம்போ இட்டுக் காரத்தன்மையை ஒன்பதுக்கு மேல் உயர்த்தினால் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட காலம் போதும்.

மூடும் பொருளைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். மரத்தூள் உலர்ந்ததாயும் நுண்ணியதாயும் இருத்தல் வேண்டும். இரசாயனம் ஊட்டிய பலகையின் தூள் ஆகாது. அடுப்புச் சாம்பல் நாற்றத்தையும் கிருமியையும் அடக்கும், ஆனால் கைப்பிடியாற் கிண்டும் வகைக்கு அது பொருந்தாது, நனைந்தால் இறுகிவிடும். பெரும்பாலோர் நாடுவது தும்புத்தூளையே. தேங்காய் மட்டையை அடித்துத் தும்பைப் பிரிக்கும்போது உதிரும் கபில நிறத் தூளைத்தான் சொல்கின்றோம். ஒருகாலத்தில் குருநாகல், புத்தளம் பகுதித் தும்பாலைகளின் ஓரங்களில் மலைபோலக் குவிந்து, எவரும் தீண்டாதிருந்த அதே பொருள்! இன்று அது செங்கல்லாகவும் பாளமாகவும் அழுத்தப்பட்டு இலங்கையினின்றும் இந்தியாவினின்றும் கப்பலேறுகின்றது. ஐந்து கிலோகிராம் பாளமொன்றை நீரில் ஊறவைத்தால் அறுபது எழுபது லீற்றர் வரை பொங்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தை ஏற்கும் இயல்பே அதன் சிறப்பு. அமெரிக்கப் பாலைவனத்தில் நிற்கும் பஸ்ஸொன்றினுள்ளே எமது தென்னையின் தூள் இத்தகைய சேவை புரிவதை அறியும்போது வியப்பாகவே இருக்கின்றது. ஒரு குறை: ஈரம் மிகுந்த தூளிற் சிறு கொசு போன்ற பூச்சி பிறக்கும். சற்று உலர்வாக வைத்திருந்தால் அத்தொல்லை குறையும்.

காற்றோட்டம் அடுத்தது. மின்விசிறி இல்லாதவிடத்துப் பெட்டியிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாய் ஏற்றி, அதன் நுனியிற் காற்றாற் சுழலும் தொப்பியையும் பூச்சி புகாத வலையையும் பொருத்துதல் வேண்டும். இங்கே பலர் கவனியாத ஒன்றுண்டு. சமையற் புகையை வெளியேற்றக் கூரையில் வேறு விசிறி இருந்து, சன்னல்கள் யாவும் சாத்தியிருப்பின், அவ்விசிறி வெளிக்காற்றை மலசலகூடக் குழாய் வழியாகவே உள்ளே இழுக்கும். மணம் அடுப்பங்கரைக்கு வந்துசேரும். சமைக்கும்போது சன்னலொன்றைத் திறந்துவிட்டாற் போதும்.

சுத்தஞ் செய்வதில் எச்சரிக்கை ஒன்று மிக அவசியம். சிறுநீர்ப் புனலையும் கலனையும் வெளிற்றுந்தூள் நீராற் கழுவுதல் கூடாது. பழைய சிறுநீரின் அமோனியாவும் வெளிற்றுந்தூளின் குளோரினும் சேர்ந்து குளோரமீன் என்னும் நச்சுவாயுவைத் தரும். அடைத்த பஸ்ஸினுள்ளே அது நுரையீரலைத் தாக்கும். நீரோடு கலந்த வினாகிரியே ஏற்றது. அதன் புளிப்பு யூரியேசின் வேலையைத் தாமதிக்கச் செய்யும். குழாயிற் படியும் வெண்ணிறக் கல்லையும் கரைக்கும்.

எமது வாசகர் மனத்தில் இவ்வளவு நேரமும் ஒரு கேள்வி எழுந்திருக்கும்: கடதாசியால் துடைப்போர்க்கு இது சரி, தண்ணீராற் கழுவுவோர் யாது செய்வது? நியாயமான கேள்வியே, மேனாட்டு விற்பனையாளரின் விளக்கத்தாள்களில் இதற்கு விடை காணல் அரிது. கழுவும் நீர் வாளியில் விழுந்தால் உலர்வு கெடும். புனலில் விழுந்தால் கிருமி சிறுநீரிற் கலக்கும். இதற்கான விடை எமக்கு அண்மையிலேயே கிடைத்தது. 1990 களில் கேரளத்துக் கடற்கரைக் கிராமங்களிலே போல் கல்வேட் என்னும் ஆங்கிலேயர், கழுவுவதற்கென மூன்றாவது இடமொன்றைத் தனியே ஒதுக்கி, அந்நீரைச் செடிப் பாத்திக்குச் செலுத்தினார். பின்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறியிலே, ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் இத்தகைய கூடங்களைப் பரப்பியது. வண்டியிலே செடிப்பாத்திக்கு இடமேது? முதலிற் கடதாசியால் துடைத்து, அதன்பின் பக்கத்திலுள்ள சிறு தட்டின் மேல் அமர்ந்து அரை லீற்றர் நீராற் கழுவி, அந்நீரை மூடியுள்ள மூன்றாவது கலனிற் சேர்ப்பதே வழி. அது பாத்திரம் கழுவிய நீரன்று. மலநீர் என்றே கருதி, கழிவு ஏற்கும் நிலையத்தில் ஊற்றுதல் வேண்டும். சற்று இடம் கூடுதலாகப் பிடிக்குமேயன்றிப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை.

சேர்ந்ததை எங்கே கொண்டுபோவது என்பதைத் தெரிவுக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். சிறுநீரைப் பொது மலசலகூடத்தில் ஊற்றலாம்; சொந்த நிலம் இருப்பின் எட்டுப் பத்து மடங்கு நீர் சேர்த்து மரத்தடிக்கு விடலாம். உடலினின்றும் வெளியேறும் நைதரசனின் பெரும்பகுதி அதிலேதான் உண்டு. ஓடையிலும் குளத்திலும் ஊற்றுவது எங்குமே தகாது. மலத்தைப் பொறுத்தமட்டில் இடத்துக்கிடம் விதி மாறும். சில இடங்களிற் குழந்தைகளின் அணையாடையைப் போலவே இரட்டைப் பையிற் கட்டிக் குப்பையில் இட அனுமதி உண்டு. சில இடங்களில் இல்லை. உள்ளூர் விதியைக் கேட்டறியாது புறப்படுதல் தவறு. காட்டிற் புதைப்போர் நீர்நிலையினின்றும் அறுபது மீற்றருக்கு அப்பால், பதினைந்து முதல் இருபது சதமமீற்றர் ஆழத்திற் புதைக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அது ஒருவர் ஒருமுறை கழிப்பதற்கு உரியது, வாளியைக் கவிழ்ப்பதற்கு உரியதன்று.

நீர்நிலையைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தை நினையாதிருக்க முடியவில்லை. அங்கே கிணறுகள் சுண்ணக்கற் படுகையினின்றும் நீர் பெறுகின்றன. கல்லின் வெடிப்புகள் வழியே மலக்குழியின் கசிவு வடிகட்டப்படாமலே கிணற்றைச் சென்றடையும். லீற்றருக்கு ஐம்பது மில்லிகிராம் என உலக சுகாதாரத் தாபனம் வகுத்த நைத்திரேற்று எல்லையைப் பல கிணறுகள் கடந்துள்ளமை ஆய்வுகளிற் புலனாயிற்று. தோட்டப் பசளையோடு குழிகளும் அதற்குக் காரணம். நீரில்லாத மலசலகூடம் பஸ் வீட்டாரின் விநோதம் என்று தள்ளிவிடாமல், எமது மாணவர்கள் இதனையும் ஆராய்ந்தால் நன்று.

வண்டிக்குத் திரும்புவோம். பெட்டியை வைக்க ஏற்ற இடம் பின்சக்கர வளைவுக்கு அருகே என்பர் சிலர்; கட்டிலுக்கும் படிக்கும் இடையே என்பர் சிலர். எங்கு வைப்பினும் நிலத்தோடு ஆணியிட்டு இறுக்குதல் வேண்டும். திடீரெனத் தடுப்பை அழுத்தும்போது நிரம்பிய கலன் பறந்து வருதல் ஆகாது. ஓட்டம் தொடங்குமுன் கலனின் மூடியைப் பூட்டுதல் ஓட்டுநரின் கடமைகளுள் ஒன்றாகட்டும். வண்டி சரிவில் நின்றால் சிறுநீர் புனலிற் செல்லாது பின்னே வழியும். ஆகவே சமதரையில் நிறுத்துதல் வேண்டும். ஆண்பிள்ளைகளும் அமர்ந்தே சிறுநீர் கழித்தல் வேண்டும். இதில் தந்தையர்க்கும் விலக்கில்லை. சிறு குழந்தைகளின் உடல் புனலின் அளவுக்கு அமையாமையால் அவர்க்கெனத் தனிச் சிறு தட்டு வைத்தல் நன்று. முதியோர் உள்ள குடும்பமாயின் இருக்கையின் உயரத்தை நாற்காலியளவுக்கு உயர்த்தி, சுவரிலே பிடிமரம் ஒன்று பொருத்துவர். வயிற்றுப்போக்கு நேர்ந்தால் அக்காலத்திற்கு வேறு வாளியில் உறையிட்டு, தூளைத் தாராளமாகப் போட்டு, அதனைப் பசளைக் குவியலிற் சேர்க்காது விடுதல் வேண்டும்.

வாங்குமுன் செய்து பார்க்கக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. இருபது லீற்றர் வாளி, ஒரு இருக்கை, ஒரு மூட்டை மரத்தூள், சிறுநீருக்கெனத் தனிக் கலன் இரண்டு. இவற்றை வீட்டின் பின்புறத்து அறையில் வைத்துக் குடும்பத்தார் யாவரும் இரண்டு கிழமை உபயோகிக்கட்டும். கலன் நிரம்பும் நாளையும் வாளி நிரம்பும் நாளையும் கொப்பியிற் குறித்து வருக. எவர் எடுத்துச் சென்று ஊற்றுவது என்ற வாக்குவாதமும் அப்பொழுதே நிகழ்ந்து முடிந்துவிடும். பதினைந்தாம் நாள் அக்கொப்பியைப் பார்த்துக் கலனின் அளவைக் கணித்த பின் கடைக்குச் செல்லலாம்.